கெட்டி எண்ணெய்

தன் பொருளைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்கிறவன் யோக்கியன் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. ஒருவர் குடையை மடக்குகிற விதத்தைப் பார்த்தே அவருக்குக் கடன் கொடுக்கலாமா, கூடாதா என்று சொல்லிவிடுவார் என் பெரியப்பா. சைக்கிளுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் போடுகிறவன் வாக்குத் தவறமாட்டான் என்பது அவருடைய சித்தாந்தம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றியே அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் இதில் விசேஷம். அந்த நினைப்பு ஆட்டம் கண்ட கதையைச் சொல்லப் போகிறேன். விஷயம் ஒரு மோட்டார் வண்டியின் ஷாக் அப்ஸார்பரைப் பற்றியது. 'நாவல் எழுதுகிறவருக்கு ஷாக் அப்ஸார்பர் எதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உத்தியோக நிமித்தமாகச் சில வருஷங்கள் நான் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தேன். தெற்கே ஆபிங்டன் என்று ஒரு சிற்றூர். எம்.ஜி. கார்களைக் கட்டிய ஊர் அதுதான். எம்.ஜி. என்றால் மாரிஸ் கராஜஸ். ஆக்ஸ்போர்டில் வில்லியம் மாரிஸ் வைத்திருந்த வியாபாரத்தை நிர்வகித்து வந்த ஸெஸில் கிம்பர் என்பவர், 1920களில் சாதாரண மாரிஸ் வண்டிகளுக்கு அழகான மேற்கூடு கட்டி விற்கப்போக, அது ஒரு பெயராகி, பிறகு ஒரு பித்தாகவும் ஆகிவிட்டது. 'பாதுகாப்பாக வேகம்' என்பது அந்தக் கம்பெனியின் விளம்பர வாசகம். வேக வண்டி கட்டிய கிம்பர், 1945-ல் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் நடந்த ஒரு ரயில் விபத்தில் இறந்துபோனார். விதிக்கு இந்த மாதிரி வேடிக்கைகளில் ஆசை அதிகம்.

நான் அந்த ஊருக்குப் போனபோது ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. 1980-ல் மூடினார்கள். ஆனால் அங்கே 1962 முதல் மூடுகிற வரைக்கும் கட்டிய எம்.ஜி.பி. என்ற இரட்டை ஆசன வண்டி, அதன் கூரை போட்ட வகையையும் சேர்த்தால், ஐந்து லட்சத்துக்கு மேல் உலகத்தில் இறங்கியிருந்தது. அதில் ஒன்று, 1972-ல் பிறந்த பச்சை வண்டி, எனக்கு வாய்த்தது. மழை நாளில் உள்ளே சொட்டும். வெயில் நாளில் கூரையைப் பிரித்து மடித்துப் பின்னால் போட்டுக்கொண்டு போகலாம். அந்த நாட்டில் வெயில் நாள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பேண்டைப் போட்டுக்கொண்டு அதற்கு அடியில் படுத்துவிடுவேன். கார்புரேட்டர், பிளக், கிரீஸ் முனைகள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு வருவதில் ஒரு பூஜையின் திருப்தி. வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால், குழந்தையை ஆயாவிடம் கொடுத்துவிட்டுக் கிளப்புக்குப் போகிறவர்களைப் பார்க்கிற மாதிரி இருக்கும். அதைவிட இளக்காரமாக நான் நினைத்தது இன்னொரு ஜாதியை. குளிர்காலத்தில் அந்த ஊர்ச் சாலைகளில் பனி உறையாமல் இருக்க உப்பைத் தூவுவார்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பெட்டிப் பகுதியை அந்த உப்பு அரித்துத் தின்றுவிடும். வண்டியின் முதுகெலும்பே அதுதான். சிலர் அந்த ஓட்டைக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, மேலே பசையைப் பூசி, தேய்த்து, வர்ணம் அடித்து விற்றுவிடுவார்கள். இப்படிப்பட்டவர்களைக் குறித்து நான் சிநேகிதர்களிடம் மேடைப் பிரசங்கி மாதிரி பேசுவேன்.

இனி ஷாக் அப்ஸார்பருக்கு வருகிறேன். பெயரே தப்பு. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்தான். ஆனால் ஸ்பிரிங் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தே தீரும். அமுங்கியது எழும்பும், எழும்பியது அமுங்கும், மறுபடியும் எழும்பும். தொட்டிலை ஆட்டிவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கிற மாதிரி. அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக் அப்ஸார்பரின் வேலை. உள்ளே எண்ணெய் இருக்கும். சின்னத் துவாரங்கள், வால்வுகள் வழியாக அதைப் பிதுக்கித் தள்ள வேண்டியிருப்பதால், ஆட்டத்தின் சக்தியெல்லாம் சூடாக மாறிக் காற்றோடு போய்விடும். சக்கரம் சாலையை விட்டு எழும்பாமல் பதிந்து ஓடும். சாலையில் பதியாத சக்கரத்துக்கு பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை.

இப்போதைய கார்களில் அது நீளமான குழாய் மாதிரி இருக்கும். என் வண்டியில் இருந்தது பழைய வகை. இரும்பு வார்ப்பில் கனமான ஒரு பெட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை. சக்கரம் ஏறி இறங்க, கையும் ஏறி இறங்கும். உள்ளே பிஸ்டன்கள் எண்ணெயைத் தள்ளும். கை திரும்புகிற தண்டு நாளாவட்டத்தில் தேய்ந்துபோகும். தேய்ந்த இடத்தின் வழியே எண்ணெய் கசியும். எண்ணெய் போன இடத்தில் காற்று புகும். அப்புறம் அந்தக் கை, வாதம் வந்தவன் கை மாதிரி, எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடும்.

என் வண்டியில் நாலில் மூன்று அப்படி ஆகியிருந்தன. சரியான வைத்தியம், கழற்றிவிட்டுப் புதுப்பித்தவற்றைப் போடுவது. அதற்கு ஆகும் செலவு அந்த மாதம் எனக்குக் கொஞ்சம் கனமாகத் தெரிந்தது. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். காரணம் எப்போதும் ஒன்று இருக்கும். வண்டிப் பித்தர்களில் அனுபவசாலி ஒருவர் ஒரு யோசனை சொன்னார். மேல்மூடியைத் திருகி எடுத்துவிட்டு, அதற்கு உரிய எண்ணெய்க்குப் பதிலாக அதைவிடக் கெட்டியான எண்ணெயை ஊற்றிவிட வேண்டியது. கெட்டி எண்ணெய் சீக்கிரம் கசியாது. துவாரத்தில் எளிதில் புகாததால் கையும் விறைப்பாகிவிடும். அரை மணி நேர வேலை.

செய்தேன். மூலையில் மட்கார்டைக் கையால் அழுத்திவிட்டு எடுத்தேன். ஒரே ஒரு தரம் எழும்பி நின்றது. முன்பு மூன்று தரம் குதித்த வண்டி! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வருஷாந்தரப் பரீட்சைக்குக் கொண்டுபோனபோது அந்தப் பரிசோதகரும் மூலையைத்தான் அழுத்திப் பார்த்தார். தலையை ஆட்டினார். சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் கையால் அழுத்துவது வேறு, சாலை அழுத்துவது வேறு. அந்தத் துவாரங்கள் இளகிய எண்ணெய்க்காக அளந்து வைத்தவை. கெட்டி எண்ணெய் மெதுவான அசைவுக்குத்தான் வழிவிடும். படபடவென்று அடிக்கிற பள்ளமேட்டுக்கு அது கல் மாதிரி நிற்கும். சக்கரம் பள்ளத்தைத் தொடர்ந்து இறங்க நேரமில்லாமல் அந்தரத்தில் தொங்கும். தேய்ந்த தண்டோ தேய்ந்தபடியே இருக்கிறது. கையால் அழுத்திப் பார்க்கிறவரை ஏமாற்ற அதைவிட நல்ல மருந்து கிடையாது. வியாதிக்கு மட்டும் அது மருந்தல்ல.

இது எனக்குத் தெரிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சாயங்காலம், தூறலில், நானும் என் மனைவியும் ஒரு கிராமத்துச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். வளைவில், மரத்து வேர்கள் தாரை மேலே தள்ளி அலை அலையாக்கியிருந்த ஓர் இடம். பின்சக்கரங்கள் ஒரு முறை தத்தின. இன்னொரு முறை தத்தின. வண்டியின் வால் பகுதி தனக்கென்று ஒரு திசையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. எதிரே யாரும் வரவில்லை. புல் மேட்டில் ஏறி நின்றோம். என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மழையா?" என்று கேட்டாள். "ஆமாம், மழைதான்" என்றேன்.

அதற்கப்புறமும் ஏழு மாதம் அந்த எண்ணெயோடேயே ஓட்டினேன். மெதுவாகப் போனேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைப் பூஜைகள் ஒன்றுகூடக் குறையவில்லை. கதவின் குமிழ்களுக்கு மெருகு போட்டேன். தோல் ஆசனங்களுக்குத் தைலம் தடவினேன். செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் இருப்பவன் மற்ற ஒன்பதையும் இரட்டைச் சிரத்தையோடு செய்கிறான் என்பதை நான் கதைகளில் எத்தனையோ பாத்திரங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

1994-ல் ஊர் திரும்ப நேர்ந்தது. வண்டியை விற்க வேண்டும். ஒரு சனிக்கிழமை ஓர் இளைஞன் வந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். கூட ஒரு பெண். அடுத்த மாதம் கல்யாணம் என்று அவளே சொன்னாள். அவன் குனிந்து கதவுக்கு அடியில் தட்டிப் பார்த்தான். உப்பு தின்ற இடங்களைப் பற்றி யாரோ நன்றாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அங்கே பழுது இல்லை. அப்புறம் மட்கார்டை அழுத்தினான். ஒரு தரம் எழும்பி நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். நான் சும்மா இருந்தேன்.

ஓட்டிப் பார்க்கட்டுமா என்றான். இரண்டே ஆசனம், நானும் போனால் அவள் நிற்க வேண்டும். "நீங்கள் இருவரும் போய்வாருங்கள்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். வண்டி தெருவைத் தாண்டியதும் மூஞ்சியில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று.

பத்து நிமிஷத்தில் வரவேண்டியவர்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினைந்து ஆயிற்று. அவர்கள் எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று நான் பார்த்திருந்தேன். அந்தப் பக்கத்தில் அந்த வளைவு இருக்கிறது. இருபது நிமிஷம் ஆயிற்று. வாழ்க்கையில் நான் சாமியைக் கூப்பிட்ட சமயங்கள் கொஞ்சம். அதில் இது ஒன்று. கூப்பிடவும் வெட்கமாக இருந்தது. என்ன சொல்லிக் கேட்பது? 'நான் சொல்லாததை நீ சொல்லாமல் காப்பாற்று' என்றா?

வந்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் தலை நனைந்திருந்தது. கூரையைப் போடத் தெரியாமல் நிறுத்தி அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள், அதுதான் தாமதம். பேசிய விலையில் ஒரு பைசா குறைக்காமல் முன்பணத்தை எண்ணிக் கொடுத்தான். அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. நான் வாங்கிக்கொண்டேன். இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்: கேட்டில் நின்று அந்த இருபது நிமிஷத்தை அனுபவித்த பிறகும் வாங்கிக்கொண்டேன்.

இந்தக் கேள்வி புதிதல்ல. கி.மு. 44-ல் ரோமாபுரியைச் சேர்ந்த ஸிஸெரோ, ஆதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்குக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பாகத்தில் இது வருகிறது. ஒருவன் வீட்டை விற்கிறான். அறைகளில் பாம்பு வருகிறது, மரம் உளுத்திருக்கிறது. அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டுமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ், சட்டம் எதைச் சொல்லச் சொல்கிறதோ அதைச் சொன்னால் போதும் என்கிறார். மறைப்பது வேறு, பேசாமல் இருப்பது வேறு என்பது அவர் வாதம். வாங்குகிறவனுக்குக் கண் இல்லையா? அவருடைய சிஷ்யர் ஆன்டிபேட்டர் விடவில்லை. தெரிந்ததையெல்லாம் சொல்லத்தான் வேண்டும்; மனிதர்கள் ஒருவருக்கொருவர் அப்படிக் கடமைப்பட்டவர்கள் என்கிறார். ஸிஸெரோ சிஷ்யர் பக்கம். அதே இடத்தில் சுத்த மோசடிக்காரன் ஒருவனும் வருகிறான். ஸிரக்யூஸ் நகரத்துப் பித்தியஸ் தன் தோட்டத்தை விற்பதற்காக, செம்படவர்களை ஏற்பாடு செய்து எதிரே படகு படகாக மீன் கொண்டுவரச் சொல்கிறான். வாங்க வந்தவன் மயங்கிவிடுகிறான். மறுநாள் பார்த்தால் படகையும் காணோம், மீனையும் காணோம்.

இதைப் பிற்பாடுதான் படித்தேன். படித்தபோது நான் அதில் என்னைத் தேடினேன். பித்தியஸ் நான் இல்லை. எண்ணெயை ஊற்றியபோது விற்கிற எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது. பேசாமல் இருந்த வீட்டுக்காரனும் நான் இல்லை. அவன் உளுத்த மரத்துக்கு வர்ணம் அடிக்கவில்லை. என் கை ஒரு காரியத்தைச் செய்தது. அது செய்த அன்றைக்குச் சிக்கனம், அல்லது சோம்பல், ரொம்பப் போனால் அசட்டுத்தனம். நான் மறுபடி அதைத் தொடவே இல்லை. ஓர் இளைஞன் வந்து மட்கார்டை அழுத்தியதும் அது தானாகவே ஏமாற்றாகிவிட்டது. அப்படியானால் தப்பு எந்த நிமிஷத்தில் பிறந்தது? அவன் அழுத்தி, நான் சும்மா இருந்த நிமிஷத்திலா? எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் திறந்த நிமிஷத்திலா?

ரொம்ப நாள் முதலாவதுதான் சரி என்று வாதாடிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு லாபம் இருந்தது. ஒரே ஒரு சனிக்கிழமைக் குற்றம். அதையும் அந்த வாரத்திலேயே சரி செய்துவிட்டேன். ஆனால் 'மழைதான்' என்று நான் சொன்ன பதில் அந்த வாதத்தைக் கெடுத்துவிடுகிறது. வாங்க வந்த அன்னியனுக்குச் சொல்ல வேண்டுமா என்று கிரேக்கர்களையும் ரோமர்களையும் கூட்டிவைத்துப் பேசுகிறேன். பக்கத்து ஆசனத்தில் நம்பி உட்கார்ந்து வந்தவளுக்குச் சொன்னேனா? அவள் காசு கொடுத்து வாங்கவில்லை என்பதால் அது வியாபாரமில்லை. வியாபாரமில்லாததால் எந்த நீதி சாஸ்திரத்திலும் வரவில்லை போலும். அதற்கும் முன்னால், முதல் நாள் மட்கார்டை அழுத்திவிட்டுச் சந்தோஷப்பட்டவன் யார்? முதலில் ஏமாறிய ஆள் நான்தான். என்னை ஏமாற்ற எனக்கு அரை மணி நேரம்தான் பிடித்தது.

அந்த வாரம் என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன். அன்று ராத்திரி என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மழையைப் பற்றியும் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தப் பையனுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்களேன்" என்றாள். "சொன்னால் என்ன பிரயோஜனம்? மாற்றியே கொடுத்துவிடுகிறேன்" என்றேன். "மாத்துங்க. சொல்லவும் சொல்லுங்க" என்றாள்.

திங்கட்கிழமை நாலு புதுப்பித்த ஷாக் அப்ஸார்பர்களை வாங்கி வந்தேன். அந்த ஊரில் ஒரு வழக்கம்: பழையதைத் திருப்பிக் கொடுக்கிற வரை அதற்கென்று ஒரு தொகையைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். சாயங்காலங்களில் வேலை செய்தேன். பின்பக்கத்தது சுலபம், இரண்டு போல்ட், ஓர் இணைப்புக் கம்பி. முன்பக்கத்தில் கவனம் வேண்டும். அந்த வண்டியில் ஷாக் அப்ஸார்பரின் கையேதான் சக்கரத்தை மேலே பிடித்திருக்கிற கையும். அதைக் கழற்றுமுன் கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கியை முட்டுக்கொடுத்து ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்க வேண்டும். ஜாக்கி நழுவினால் இத்தனை நாள் அடங்கியிருந்த ஸ்பிரிங் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும். மேலே உள்ள நீளப் போல்ட்டை உருவி, சக்கரத்தைத் தாங்கும் பாகம் பிரேக் குழாயில் தொங்காமல் கம்பியால் கட்டிவிட்டு, பெட்டியைப் பிடித்திருக்கிற நாலு போல்ட்டையும் எடுத்தேன். இருபது வருஷத்துத் துரு. ஒவ்வொன்றும் கத்திக்கொண்டுதான் வந்தது. புதியதன் கையைப் பல தரம் மேலும் கீழும் முழுக்க ஆட்டி, உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றி மாட்டினேன். என்ன சீரான எதிர்ப்பு! வெண்ணெயில் கத்தியை இழுக்கிற மாதிரி. வெள்ளிக்கிழமை அந்த வளைவுக்குப் போய் வந்தேன். வேர்கள் அங்கேயே இருந்தன. வண்டி அவற்றைக் கவனிக்கவே இல்லை. இத்தனை வருஷம் வைத்திருந்த வண்டியை அன்றைக்குத்தான் முதன்முதலாக ஓட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

சனிக்கிழமை அந்த இளைஞன் வந்தான். மீதிப் பணத்தைக் கொடுத்தான். சாவியைக் கொடுத்தேன். நான் சொல்லவில்லை. நல்ல வண்டிக்கு உரிய விலை கொடுத்தான், நல்ல வண்டி கிடைத்தது; இனிச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று ஆன்டிபேட்டரே என் பக்கம் பேசக்கூடும். ஆனாலும் அவன் ஏறி உட்கார்ந்தபோது, போன வாரம் நனைந்த தலையோடு சிரித்தானே, அந்தச் சிரிப்புக்கு நான் ஏதோ பாக்கி வைத்திருப்பதாகத்தான் தோன்றியது. என் மனைவி ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

அந்த வண்டி இன்றைக்கு எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கலாம். 2018 முதல் அந்த நாட்டில் நாற்பது வயசு தாண்டிய வண்டிகளுக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால், வருஷாந்தரப் பரீட்சை கட்டாயமில்லை. சொந்தக்காரர்கள் சிரத்தையாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று சர்க்கார் நம்புகிறது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நேரம் சிரிக்க முடியவில்லை.

வண்டி போன பிறகு, பழைய ஷாக் அப்ஸார்பர் நாலையும் ஒரு முரட்டுப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் அந்தக் கடைக்குப் போனேன். மடியில் வைக்க முடியாத கனம். பை அடியில் எண்ணெய் கசிந்து என் செருப்பில் சொட்டியது. கடைக்காரர் வயசானவர். ஒன்றை எடுத்து மூடியைத் திருகினார். ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"வண்டியை விற்றுவிட்டீர்களா?"

"விற்றுவிட்டேன்."

"இதைக் கழற்றுவதற்கு முன்னாலா, பின்னாலா?"

"பின்னால்தான்" என்றேன். முன்பணம் வாங்கியது அதற்கு முந்திய சனிக்கிழமை என்பதை அவர் கேட்கவில்லை. அவர் கந்தையில் விரலைத் துடைத்துக்கொண்டு, பிடித்து வைத்திருந்த தொகையை எடுத்து எண்ணி என் கையில் வைத்தார்.